பழைய பிக்கப்பில் செல்ஃப் எடுக்கவில்லையா? ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் பழி உடனே ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் விழுகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி, புது மோட்டாரை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் அதே 'டக்' சத்தம். பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் கதை இது. பழுது பெரும்பாலும் ஒரு கேபிள் முனையிலோ, எஞ்சினைப் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் எர்த் பட்டையிலோ, சொலினாய்டின் (ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) உள்ளே தேய்ந்துபோன செம்புத் துண்டிலோதான் இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஏமாறுகிறோம்? ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவை நாம் மனத்தில் கொள்வதில்லை. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டருக்கு ஏறக்குறைய 100 முதல் 150 ஆம்பியர் வேண்டும்; வி8 எஞ்சினுக்கு 150 முதல் 250 வரை; டீசலுக்கு அதற்கும் மேல். ஓர் இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும்போது அதில் வீணாவது பத்தில் ஒரு பங்கு வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. அதே இணைப்பு வழியாக 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டால் இவ்வளவு சிறிய தடையை நம்பகமாகக் காட்ட முடியாது. ஆகவே "விளக்கு நன்றாக எரிகிறது, ஆதலால் வயரிங் சரி" என்ற வாதம் செல்லாது. மின்சாரம் பாயும்போது எடுத்த அளவு மட்டுமே பேசும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

தேவையான கருவிகள் அதிகமில்லை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஜம்பர் கேபிள், கம்பித் தூரிகை, ஸ்பானர் செட், சாவியைத் திருப்பிக் கொடுக்க ஓர் உதவியாள். நேர் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

மின்சாரம் போகும் இரண்டு வழிகள்

ஸ்டார்ட்டருக்கு இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று கட்டளைச் சுற்று: சாவி சுவிட்சிலிருந்து கிளம்பி, ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரல் சுவிட்சையும் (கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காமல் தடுப்பது) மேனுவல் வண்டியில் கிளட்ச் சுவிட்சையும் கடந்து, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) இருந்தால் அதன் வழியாக, சொலினாய்டின் சிறிய டெர்மினலுக்கு வரும் மெல்லிய வயர். மற்றொன்று முதன்மைச் சுற்று: பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிள், சொலினாய்டின் பெரிய போல்ட், உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட், மோட்டார், மோட்டாரின் உடல், எஞ்சின் பிளாக், எர்த் கேபிள், மீண்டும் பேட்டரி நெகட்டிவ். திரும்பி வரும் பாதையும் போகும் பாதை அளவுக்கே முக்கியம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பாகங்கள் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஃபோர்டு பிக்கப்புகளில் சொலினாய்டு வேலையைச் செய்யும் ரிலே பேட்டரிக்கு அருகே ஃபெண்டரின் உட்புறத்தில் இருக்கும்; கை எட்டும் தூரம், சோதிப்பது சுலபம். பழைய ஷெவர்லே, ஜிஎம்சி வண்டிகளில் சொலினாய்டு மோட்டாரின் மேலேயே, எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டொயோட்டா பிக்கப்புகளில் வரும் டென்சோ வகை ஸ்டார்ட்டரில் கியர் குறைப்பு அமைப்பும், தனியாக மாற்றக்கூடிய செம்புக் கான்டாக்டுகளும் உண்டு. டெர்மினல்களில் 30 என்று எழுதியிருந்தால் பேட்டரியிலிருந்து வரும் கேபிள், 50 அல்லது எஸ் என்றிருந்தால் சாவியிலிருந்து வரும் கட்டளை வயர்.

தொடங்கும் முன்

கியரை நியூட்ரலில் அல்லது பார்க்கில் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் காப்பு எதுவும் வேண்டாம். பேட்டரிக்கும் பாடிக்கும் இடையே மாட்டிக்கொண்ட மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் அதன் அருகே தீப்பொறி கூடாது.

சோதனையின்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சிறிய வயரையும், டீசலில் எரிபொருள் நிறுத்தும் சொலினாய்டின் வயரையும் கழற்றிவிடுங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே இரண்டு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

இன்னொன்று. ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டின் டெர்மினல்களை இணைத்துச் செல்ஃப் எடுக்க வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி. கியரில் இருக்கும் வண்டி அப்போது பாய்ந்துவிடும், அடியில் படுத்திருப்பவர் நீங்கள்.

படி 1: காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்பும்போது எழும் சத்தமே பாதித் தகவலைத் தந்துவிடும். எந்தச் சத்தமும் இல்லையென்றால் கட்டளைச் சுற்றில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டது. 'கடகட' என்று வேகமாகத் துடித்தால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது கேபிள் இணைப்பு கெட்டிருக்கிறது. ஒரே ஒரு கனமான 'டக்'கோடு நின்றால் சந்தேகம் கான்டாக்ட், பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டு), இறுகிப்போன மோட்டார் அல்லது இறுகிப்போன எஞ்சின் மேல். எஞ்சின் மெதுவாக முனகிச் சுற்றுவது எல்லாவற்றையும் விடக் குழப்பமான அறிகுறி. அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பினியனின் (மோட்டார் தண்டின் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரம்) ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பினியன் முன்னே வரவில்லை. 'கரகர' என்று பல் அரைபடும் சத்தம் பினியன் பல்லோ எஞ்சினின் ஃப்ளைவீல் விளிம்பில் இருக்கும் ரிங் கியரின் பல்லோ தேய்ந்ததைச் சொல்கிறது. சாவியை விட்ட பிறகும் செல்ஃப் நிற்காமல் ஓடினால் சிந்திக்க நேரமில்லை, பேட்டரி நெகட்டிவை உடனே கழற்றுங்கள். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது சாவி சுவிட்ச் திரும்பி வந்திருக்காது.

படி 2: பேட்டரி

சார்ஜ் ஏறிய உடனே அளந்தால் மீட்டர் பொய்யான உயரத்தைக் காட்டும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து அளவிடுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு மட்டுமே. 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். தீர்ந்த பேட்டரியோடு செய்யும் எந்தச் சோதனையும் உங்களைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

அடுத்து, மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மிதமான வெப்பநிலையில், நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சார்ஜ் முழுதாக இருந்தும் இறங்கினால் இரண்டு வாய்ப்புகள்: பேட்டரி உள்ளுக்குள் கெட்டுவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியை இணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போதும் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்று, எஞ்சின் அசையவில்லை என்றால் பேட்டரி குற்றவாளி இல்லை. அதனிடமிருந்து யாரும் மின்சாரத்தை வாங்கவில்லை.

படி 3: ஹெட்லைட்டை எரியவிட்டுச் செல்ஃப் அடிப்பது

மீட்டரே இல்லாதவர்களுக்கும் உதவும் சோதனை இது. விளக்கு அடியோடு அணைந்தால் பேட்டரி டெர்மினல் கிளாம்ப் லூஸ், அல்லது அதில் உப்புப் பூத்திருக்கிறது. மிகவும் மங்கினால் பேட்டரி வலுவற்றது, அல்லது மோட்டாரோ எஞ்சினோ பூட்டிக்கொண்டிருக்கிறது. மங்காமல் பளிச்சென்று எரிந்தால் பெரிய மின்னோட்டம் மோட்டாரைச் சென்று சேரவே இல்லை. விளக்கு மங்காமல் 'டக்' சத்தமும் வந்தால் நேராகப் படி 5க்குப் போங்கள்.

படி 4: கட்டளை வருகிறதா?

சத்தமே இல்லாத வண்டிக்கு இந்தப் படி. முதலில் செலவில்லாத முயற்சிகள். ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கில் எடுக்காவிட்டால் நியூட்ரலில் முயலுங்கள். எடுத்தால் நியூட்ரல் சுவிட்சின் நிலை நகர்ந்திருக்கிறது. மேனுவலில் கிளட்ச் பெடல் அடிவரை போகிறதா என்று பாருங்கள். மடங்கிய தரை விரிப்பு அதைத் தடுப்பது உண்டு.

பிறகு சொலினாய்டின் சிறிய டெர்மினலில் மீட்டரை வைத்து, சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பேட்டரி அளவுக்கு அருகில் வோல்ட் வந்தும் சத்தமில்லை என்றால் பழுது ஸ்டார்ட்டரில். வோல்ட் வரவே இல்லை என்றால் பின்னோக்கி நடங்கள்: ரிலே, நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ், சாவி சுவிட்ச். எங்கே வோல்ட் மீண்டும் தலைகாட்டுகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பிழை. பல பழைய பிக்கப்புகளில் சாவி நேரடியாக மின் சுவிட்சைத் திருப்புவதில்லை. ஸ்டியரிங் கம்பத்தின் வழியே ஒரு கம்பி கீழே இருக்கும் சுவிட்சைத் தள்ளும். அந்தக் கம்பி தளர்ந்தால் சாவி திரும்பும், சுவிட்ச் திரும்பாது.

இடைப்பட்ட நிலைதான் சுவாரசியமானது. பேட்டரியில் 12.5 இருக்கிறது, சிறிய டெர்மினலில் 9 மட்டும் வருகிறது. சொலினாய்டு இழுக்கும் கணத்தில் சில பத்து ஆம்பியர் வரை எடுக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தேய்ந்த சாவி சுவிட்சில் மூன்றரை வோல்ட் தங்கிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் எப்படியோ எடுத்துவிடும். ஓடி நிறுத்தியதும் எடுக்காது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். எக்ஸாஸ்ட் சூட்டில் சொலினாய்டின் காயில் (கம்பிச் சுருள்) 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை ஏறத்தாழ 40 சதவீதம் ஏறி, அதில் பாயும் மின்னோட்டம் சுமார் 30 சதவீதம் குறைந்து, இழுப்பு தளரும். அரை மணி நேரம் ஆறிய பிறகு தானாக எடுக்கும் வண்டிகளின் மர்மம் பெரும்பாலும் இதுதான். பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் ஒரு ரிலேயை நடுவில் வைத்து, சாவி சுவிட்சுக்கு அந்த ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் தீர்ந்துவிடும். கழன்றுபோன வெப்பத் தடுப்புத் தகட்டையும் திரும்ப மாட்டுங்கள்.

படி 5: வோல்ட் எங்கே தொலைகிறது?

நேரம் இல்லாதவர்கள் மற்றவற்றைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. மீட்டரை 20 வோல்ட் நேர் மின்சார நிலையில் வையுங்கள். எல்லா அளவும் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும்.

முதல் அளவு பாசிட்டிவ் பக்கம். சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் வைக்காதீர்கள், கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையேதான் பாதிப் பழுது ஒளிந்திருக்கும்). கறுப்பு முனை ஸ்டார்ட்டரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் அல்லது அதன் முனை கெட்டிருக்கிறது. எது என்று அறிய, முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். ஓர் இணைப்பில் 0.1 முதல் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. வெளியே பளபளப்பாக இருக்கும் கேபிள் உறைக்குள் பச்சைப் பொடியாக அரித்திருக்கலாம். சில முறை செல்ஃப் அடித்தபின் கையால் தடவிப் பாருங்கள், சூடாக இருக்கும் இடம் தடை உள்ள இடம்.

இரண்டாவது எர்த் பக்கம். சிவப்பு முனை ஸ்டார்ட்டர் உடலில் சுரண்டிய வெற்று உலோகத்தில், கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில். 0.2 அல்லது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் கடித்து முயலுங்கள். எஞ்சின் விறுவிறுவென்று சுற்றினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். எர்த் பட்டை அறுந்த வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சூடானால், வாய்க்கால் உடைந்த தண்ணீர் வரப்பில் ஏறுவதுபோல் அந்த மெல்லிய கம்பி வழியே மின்னோட்டம் வீடு திரும்புகிறது என்று பொருள்.

மூன்றாவது அளவு சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே. சாவி திருப்பாதபோது இங்கே 12 வோல்ட் காட்டுவது இயல்பு. திருப்பியதும் 'டக்' சத்தத்தோடு 0.3க்குக் கீழே விழ வேண்டும். சத்தம் வந்தும் 12லேயே நின்றால் உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் கருகிவிட்டது. பூஜ்யத்துக்கு விழுந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் ஹெட்லைட்டைப் பாருங்கள்: மிகவும் மங்கினால் மோட்டாரோ எஞ்சினோ பூட்டியிருக்கிறது, மங்காவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்து மின்பாதை அறுந்திருக்கிறது.

ஒரு பொறி இருக்கிறது. மோட்டார் சுற்றாமல் முதல் இரண்டு அளவும் 0 என்று வந்தால் கேபிள்கள் அருமை என்று மகிழ வேண்டாம். பாயாத மின்சாரம் எங்கும் வோல்ட்டைத் தொலைக்காது.

கிளாம்ப் மீட்டர் இருப்பவர்களுக்கு மெதுவாகச் சுற்றும் எஞ்சினின் புதிரும் இங்கேயே அவிழும். மெதுவாகச் சுற்றி, மின்னோட்டமும் குறைவாக இருந்தால் தடை: கேபிள், கான்டாக்ட், பிரஷ். மெதுவாகச் சுற்றி, மின்னோட்டம் மிக அதிகமாக இருந்தால் இறுக்கம்: புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) உரசுகிறது, அல்லது எஞ்சினே சுற்ற மறுக்கிறது.

படி 6: எஞ்சின் சுற்றுகிறதா?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் திருப்புங்கள். கம்ப்ரெஷன் எதிர்க்கும், ஆனால் சீராகச் சுற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் பெல்ட்டைக் கழற்றி மீண்டும் முயலுங்கள்; இறுகிய ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரெஸரோ எஞ்சினைப் பிடித்து வைத்திருக்கலாம். அதன் பிறகும் பூட்டு விடாவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். சிலிண்டரில் கூலன்டோ தண்ணீரோ தேங்கியிருந்தால் அதை அமுக்க முடியாமல் பிஸ்டன் நின்றிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் திக்கித் திக்கிப் பின்னுக்கு உதைத்தால், காயில் வயரைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். சீராகச் சுற்றினால் ஸ்டார்ட்டரில் குறையில்லை, இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அதிகமாக முன்னே தள்ளியிருக்கிறது.

பல் அரையும் வண்டிகளில் கவனிக்க இன்னொன்று: அணைக்கும்போது எஞ்சின் எங்கும் நிற்காது, கம்ப்ரெஷன் காரணமாகக் குறிப்பிட்ட சில நிலைகளில்தான் வந்து நிற்கும். நான்கு சிலிண்டரில் இரண்டு, ஆறில் மூன்று, எட்டில் நான்கு. அதனால் ரிங் கியரின் அந்த இடங்களில் மட்டும் பற்கள் தேய்கின்றன. எடுக்காதபோது எஞ்சினைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டு அடித்தால் எடுக்கிறதா? அப்படியானால் புது ஸ்டார்ட்டர் அதைச் சரிசெய்யாது. ரிங் கியரைத்தான் பார்க்க வேண்டும்.

படி 7: கழற்றிய பிறகு

மேற்சொன்னவை அனைத்தும் ஸ்டார்ட்டரையே சுட்டிக்காட்டினால், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருப்பதை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு மோட்டாரை இறக்குங்கள். கனமானது, கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஒரு கை அடியில் இருக்கட்டும். மோட்டாருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (ஃப்ளைவீலை மூடியிருக்கும் உறை) நடுவே மெல்லிய தகடு, அதாவது ஷிம், இருந்தால் எத்தனை, எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வைஸில் பிடித்து, ஜம்பர் கேபிளால் நெகட்டிவை உடலுக்கும் பாசிட்டிவைப் பேட்டரி கேபிள் சேரும் பெரிய போல்ட்டுக்கும் கொடுத்து, அந்தப் பாசிட்டிவிலிருந்து சிறிய டெர்மினலை ஒரு வயரால் தொடுங்கள். பினியன் முன்னே பாய்ந்து சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கெட்டது உறுதி. சுற்றினால் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாரமில்லாமல் சுற்றும் மோட்டார் எஞ்சினைச் சுற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சொலினாய்டுக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. இழுக்கும் காயில் மோட்டாரின் பிரஷ் வழியாக எர்த்தாகும். பிடித்து வைக்கும் காயில் நேரடியாக உடலில் எர்த்தாகும். கான்டாக்ட் சேர்ந்ததும் இழுக்கும் காயிலின் இரு முனையிலும் ஒரே வோல்ட் வந்து அது ஓய்ந்துவிடும். மற்றது மட்டும் பிளஞ்சரை (சொலினாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டு) பிடித்திருக்கும். இது புரிந்தால் இரண்டு விசித்திரங்கள் விளங்கும். நல்ல பேட்டரியும் நல்ல கேபிளும் இருந்தும் 'கடகட' என்று துடித்தால், பிடித்து வைக்கும் காயில் அறுந்திருக்கிறது. சிறிய டெர்மினலில் 12 வோல்ட் இருந்தும் சத்தமே வராமல், மோட்டார் உடலில் லேசாகத் தட்டியதும் எடுத்தால், தேய்ந்த பிரஷ் இழுக்கும் காயிலுக்கு எர்த் தராமல் இருந்திருக்கிறது. தட்டுவது நோயைக் கண்டறிய மட்டும். நிலைக்காந்த வகை மோட்டாரில் ஓங்கி அடித்தால் உள்ளே இருக்கும் காந்தம் நொறுங்கிவிடும். சொலினாய்டின் பிளாஸ்டிக் மூடியில் தட்டவே கூடாது.

பிரித்துப் பார்ப்பவர்கள் கவனிக்க: பிரஷ் பாதி உயரத்துக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கம்யூட்டேட்டருக்கும் (பிரஷ் உரசும் செம்புப் பகுதி) ஆர்மேச்சர் தண்டுக்கும் இடையே மின்தொடர்பு இருக்கக் கூடாது. ஆர்மேச்சரில் உரசிய தழும்பு இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. பினியன் ஒரு திசையில் தடையின்றிச் சுற்றி, எதிர்த்திசையில் உடனே பிடிக்க வேண்டும். அந்தக் கிளட்சைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்து, கொஞ்ச நாளில் வழுக்கத் தொடங்கும். டென்சோ வகையில் கான்டாக்டும் பிளஞ்சர் தட்டும் மட்டுமே தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும், முழு மோட்டாருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

திரும்ப மாட்டுதல்

ஸ்டார்ட்டர் உட்காரும் பரப்பும் அதன் எர்த்தும் ஒன்றே. துருவையும் பெயிண்டையும் கம்பித் தூரிகையால் வெற்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பழுதுபார்த்து விற்கப்படும் மோட்டார்களில் அந்த இடத்திலும் பெயிண்ட் அடித்திருப்பது சகஜம். கேபிள் முனைகளைச் சுத்தம்செய்து இறுக்கியபின் படி 5இன் மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஷிம் வைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் (ஷெவர்லே, ஜிஎம்சி) வகை வண்டிகளில் கடைசியாகக் காதுக்கு ஒரு வேலை. செல்ஃப் அடிக்கும்போது, எஞ்சின் பற்றிக்கொள்ளும் முன் கீச்சென்ற உச்சக் குரல் வந்தால் பினியன் ரிங் கியரிலிருந்து அதிகமாக விலகியிருக்கிறது. ஒரு ஷிம்மை எடுங்கள். எஞ்சின் பற்றிய பிறகு, சாவியை விடும் நேரத்தில் அதே குரல் வந்தால் மிக நெருங்கியிருக்கிறது. ஒரு ஷிம்மைச் சேருங்கள்.